மூன்றரை மூட்டை சிமெண்ட்

எங்கள் பட்டறைக்கு வேலை கேட்டு வரும் டிரைவரிடம் லைசென்ஸை நான் கடைசியில்தான் வாங்கிப் பார்ப்பேன். முதலில் வாசலில் நிற்கும் காலி பல்கரைக் காட்டி, “மேல ஏறி நடு மூடியத் தொறந்துட்டு வா தம்பி” என்பேன். முக்கால்வாசிப் பேர் ஒரு கையில் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டே ஏணியில் ஏறுவார்கள். காலில் ரப்பர் செருப்பு. உச்சிக்குப் போனதும் மூடியின் நட்டுகளை வரிசையாகக் கழற்றித் தள்ளிவிட்டு, மூடிக்கு நேர் மேலே குனிந்து எட்டிப் பார்ப்பார்கள். இறங்கும்போது ஏணிக்கு முதுகைக் காட்டி இறங்கி, கடைசி மூன்று படியை விட்டுவிட்டுக் குதிப்பார்கள். எல்லாரும் ஓட்டத் தெரிந்தவர்கள். கன்னியாகுமரியிலிருந்து விஜயவாடா வரை கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்பவர்கள். அவர்கள் செய்யும் ஒவ்வொன்றையும் நானும் பல வருடம் அப்படியேதான் செய்தேன். அதனால்தான் யாரையும் திட்டுவதில்லை. ஏணியடிக்குக் கூட்டிப்போய், முதல் படியிலிருந்து சொல்லித் தருகிறேன்.

எனக்குச் சங்ககிரி. லாரித் தொழிலுக்குப் பேர்போன ஊர். கிளீனராக ஏறி, டிரைவராகி, 2004-இல் பல்கருக்கு மாறினேன். இடுப்பு ஒத்துழைக்காததால் 2019-இல் ஸ்டியரிங்கை விட்டேன். இப்போது 14 பல்கர் வைத்திருக்கும் ஒரு முதலாளியிடம் வண்டிகளையும் பையன்களையும் கவனித்துக்கொள்கிறேன்.

பல்கர் என்றால் என்னவென்று கேட்பவர்களும் அதைப் பார்த்திருப்பார்கள். நெடுஞ்சாலையில் டேங்கர் மாதிரி போகும், ஆனால் அடிவயிறு டேங்கர் போல உருளையாக இருக்காது. இரண்டு மூன்று கூம்புகள் தரையைப் பார்த்துத் தொங்கும். அதன் உள்ளே இருப்பது எண்ணெயும் இல்லை, கேஸும் இல்லை. மூட்டை கட்டாத சிமெண்ட், இல்லையென்றால் அனல்மின் நிலையத்துச் சாம்பல். மேட்டூர் அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் 1987-இல் ஓடத் தொடங்கியது. நம் நாட்டு நிலக்கரியில் 100 கிலோ எரித்தால் 30, 40 கிலோ சாம்பலாக மிஞ்சும். ஒரு காலத்தில் அதைத் தண்ணீரில் கரைத்துக் குட்டைக்கு அனுப்பியதுதான் அதிகம். இப்போது உலர்ந்த சாம்பல் சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. கடையில் பிபிசி என்று வாங்குகிறோமே, அந்தச் சிமெண்டில் 15-லிருந்து 35 சதவீதம் வரை இந்தச் சாம்பலைக் கலக்கலாம் என்று தரக்கட்டுப்பாட்டு விதியே இருக்கிறது. உங்கள் வீட்டுத் தளத்துக்குள் மேட்டூர்ச் சாம்பல் இருக்கக்கூடும். அதைக் கொண்டுவந்து கொட்டியவன் ஒரு பல்கர் டிரைவர்.

கொட்டுவது என்றால் டிப்பர் மாதிரி தூக்கிச் சாய்ப்பதில்லை. ஒவ்வொரு கூம்பின் அடியிலும் கெட்டியான கேன்வாஸ் துணி பதித்திருக்கும். அதன் கீழிருந்து கம்ப்ரசர் காற்றை அனுப்பினால், துணி வழியாகக் காற்று கசிந்து மேலே வரும். அப்போது தூள் தூளாக இருக்காது. அடுப்பில் பால் பொங்குவது போல் பொங்கி, தண்ணீர் மாதிரி ஓடத் தொடங்கும். தொட்டிக்குள் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ அளவுக்கு ஏறியதும் அடிவால்வைத் திறந்தால், ஹோஸ் வழியாக 60, 70 அடி உயரத்துச் சைலோ என்னும் சேமிப்புத் தொட்டிக்குள் தானாக ஏறிப்போய் விழும். 30 டன் லோடை ஒரு ஆள் மண்வெட்டியே தொடாமல் இறக்கிவிடலாம். நல்ல கண்டுபிடிப்பு. எல்லாம் சரியாக இருந்தால் யாரும் மேலே ஏறவும் வேண்டாம், உள்ளே இறங்கவும் வேண்டாம்.

ஆனால் லோடு ஏற்றும்போது ஏறித்தான் ஆகவேண்டும். தொட்டியின் முதுகு தரையிலிருந்து ஏறக்குறைய 12 அடி. அங்கிருந்து விழுகிறவன் தரையைத் தொடும்போது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பான். மொத்தம் ஒரு நொடிகூட ஆகாது. எதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்து முடிப்பதற்குள் விழுந்திருப்பான். கீழே இருப்பது பெரும்பாலும் கான்கிரீட் தளம். எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலை விட்டவர்களில் பலரும் விபத்தில் வண்டியைக் கவிழ்த்து விடவில்லை. ஏணியிலிருந்து கால் வழுக்கி, முட்டியோ குதிகாலோ போய் விட்டவர்கள்.

அதனால் எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். ஏணியில் இருக்கும்வரை இரண்டு கை ஒரு கால், இல்லை இரண்டு கால் ஒரு கை, எப்போதும் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கையில் எதுவும் கூடாது. ஸ்பேனரை இடுப்புப் பையில் போடு, இல்லை மேலே போய்க் கயிறு விட்டு இழுத்துக்கொள். முகம் ஏணியைப் பார்த்தே இருக்கட்டும், ஏறினாலும் இறங்கினாலும். செருப்பில் ஏறக் கூடாது. சாம்பல் பறக்கும் இடத்தில் ஏணிப் படி எல்லாம் டால்கம் பவுடர் தடவியது போல் இருக்கும். ஷூவின் அடிப்பாகத்தை முதல் படியில் ஒருமுறை தட்டிவிட்டு ஏறுவது சின்ன விஷயம், ஆனால் காலைக் காப்பாற்றும். மேலே நடைபாதைக் கம்பியும் மடக்கும் கைப்பிடியும் இருக்கிற வண்டியில் கைப்பிடியைத் தூக்கி நிறுத்தாமல் ஒரு அடி நகரக் கூடாது. பெல்ட் மாட்டுகிற கம்பி இருந்தால் மாட்டிவிட வேண்டும். கடைசியாக ஒன்று: வண்டியை நிறுத்துவதற்கு முன்பே தலைக்கு மேல் கரண்ட் கம்பி போகிறதா என்று ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட வேண்டும்.

அடுத்து மூடி. இதைப் பற்றிப் பேசும்போது நான் எப்போதும் சாக்பீஸை எடுத்துவிடுவேன். எங்கள் வண்டி மூடியின் குறுக்களவு 45 சென்டிமீட்டர். பரப்பு கிட்டத்தட்ட 1,590 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் உள்ளிருந்து 2 கிலோ காற்று தள்ளுகிறது என்றால் மூடியின் மேல் விழும் மொத்தத் தள்ளு 3,180 கிலோ. மூன்று டன். இதைச் சொன்னால் பையன்கள், “அதான் காத்த எறக்கிட்டுத்தானுங்ணா தொறப்போம்” என்பார்கள். சரி, இறக்கிவிட்டாய். கேஜில் முள் பூஜ்ஜியத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பழைய கேஜில் பூஜ்ஜியத்துக்கும் 0.1-க்கும் உன்னால் வித்தியாசம் சொல்ல முடியுமா? அந்த 0.1 கிலோ காற்றே மூடியை 159 கிலோ பலத்தோடு தூக்கும். நன்றாக வளர்ந்த ஆள் இரண்டு பேரின் எடை. அது உன் தாடைக்கு நேர் கீழே இருக்கிறது.

கேஜை முழுசாக நம்ப முடியாததற்கு வேறு காரணமும் உண்டு. கேஜுக்குப் போகும் சின்னக் குழாயில் சிமெண்ட் அடைத்துக் கெட்டியாகிப் போயிருந்தால் முள் நகரவே நகராது. அதனால் காற்று வெளியேறும் வால்வைத் திறந்து வைத்துவிட்டு, சத்தம் முழுக்க நின்ற பிறகும் இரண்டு மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். அந்த வால்வு திறந்தபடியே இருக்கட்டும், மூடக் கூடாது. பிறகு மூடிக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு நட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும், கழற்றிவிடக் கூடாது. மூடி துளி அசைந்தாலும் போல்ட் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். உஸ்ஸென்று சத்தம் வந்தால் கையை எடுத்துவிட்டுக் காத்திரு. சத்தமே இல்லாமல் மூடி தன் எடையில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் போல்ட்டைச் சாய்க்கலாம். அதற்குப் பிறகும் முகம் ஓரமாகத்தான் இருக்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஏறுவதும் திறப்பதும். உள்ளே இறங்குவது வேறு விஷயம்.

ஒருவன் ஏன் அந்த ஓட்டைக்குள் இறங்குகிறான்? வெளியில் இருப்பவர்களுக்கு இது புரியாது. லோடை இறக்கி முடித்ததும் வண்டி எடை மேடையில் ஏறும். காலி எடை எவ்வளவு இருக்க வேண்டும் என்று ரசீதில் இருக்கிறது. அதைவிட 150, 200 கிலோ கூடுதலாகக் காட்டினால், “உள்ள சரக்கு நிக்குது, எறங்கித் தள்ளிட்டு வா” என்பார்கள். தள்ளாவிட்டால் அது ஷார்ட்டேஜ். பல இடங்களில் அந்தக் கழிவு டிரைவர் பேட்டாவில் வந்து விழும். சரக்கு ஏன் நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேன்வாஸ் கிழிந்திருக்கும். மழையில் மூடியின் ரப்பர் வழியாகத் தண்ணீர் கசிந்து, ஓரத்தில் கட்டி தட்டியிருக்கும். கூம்பில் யாரோ இரும்புச் சுத்தியலால் அடித்து நசுக்கியிருப்பார்கள், அந்தப் பள்ளத்தில் தூள் தங்கும். எல்லாமே வண்டியின் குறை. ஆனால் கழிப்பது ஆளின் கூலியில். வண்டி எடை போடும்போது டிரைவரும் கிளீனரும் கேபினை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாலே 130 கிலோ கூடும் என்று எத்தனை எடை மேடையில் நான் வாதாடியிருக்கிறேன்!

2011-இல் ஒரு ராத்திரி. சென்னைக்கு வெளியே ஓர் ஆர்.எம்.சி., அதாவது ரெடிமிக்ஸ் கான்கிரீட் பிளாண்ட். அரியலூர்ப் பக்கமிருந்து சிமெண்ட் கொண்டு போயிருந்தேன். ஊதி முடித்துக் காலி எடை போட்டால் 180 கிலோ நின்றது. முன் கூம்பின் கேன்வாஸ் கிழிந்திருக்கிறது என்று எனக்கு இரண்டு லோடாகவே சந்தேகம். கொக்கி போட்ட இரும்பு ஏணியை மூடி வழியாக உள்ளே தொங்கவிட்டு, மண்வெட்டியோடு இறங்கினேன். முகத்தில் துண்டைக் கட்டியிருந்தேன். மேலே மூடியருகே என் கிளீனர், தாரமங்கலத்துப் பையன், 19 வயது, டார்ச் காட்டிக்கொண்டு நின்றான். ஓரத்தில் நிற்கும் சிமெண்டை நடுவில் தள்ளிவிட்டு மேலே வருவேன், மூடியை அடைப்போம், மறுபடி ஐந்து நிமிடம் ஊதினால் போய்விடும். இதுதான் எல்லாரும் செய்வது. மறுபடி ஊத வேண்டியிருப்பதால் எஞ்சினை அணைக்கவில்லை. சாவி வண்டியிலேயே இருந்தது.

கீழே ஹோஸைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று பிளாண்ட்காரர் பையனைக் கூப்பிட்டார். அவன் இறங்கிப் போனான். அவன் கீழே வந்துவிட்டதைப் பார்த்தவர், நானும் வெளியே வந்துவிட்டேன் என்று நினைத்தார். காற்று வால்வைத் திருப்பினார்.

முதலில் சத்தம் கேட்கவில்லை. காலுக்கு அடியில் கேன்வாஸ் உப்பியது. அதுவரை மண் மாதிரி கெட்டியாக இருந்த சிமெண்ட் பிடிப்பை விட்டது. இடது கால் முழங்கால் வரை இறங்கிவிட்டது. அடுத்த மூச்சில் மேலே தெரிந்த வெளிச்ச வட்டம் இல்லை. கண்ணைத் திறந்தால் எரிச்சல், மூடினாலும் அதே இருட்டு. துண்டு வழியாகத் தூள் வாய்க்குள் வந்து எச்சிலோடு களியாகியது. கத்தினேன், எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. ஏணி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இரண்டு கையையும் தொட்டியின் சுவரில் வைத்துத் தடவினேன். வெல்டிங் தழும்பு ஒன்று உள்ளங்கையில் தட்டுப்பட்டது. அது வண்டிக்குக் குறுக்காகப் போவது என்று தெரியும், ஏனென்றால் அந்தத் தொட்டியை வெளியிலிருந்து நூறு முறை கழுவியிருக்கிறேன். ஆனால் முன்பக்கத் தழும்பா பின்பக்கத் தழும்பா என்று தெரியவில்லை. அந்த ஒரு சந்தேகத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற வண்டியின் டிரைவர் ஓமலூர்க்காரர். லைட் வெளிச்சத்தில் மூடியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு தூண் எழுவதைப் பார்த்திருக்கிறார். மூடி திறந்திருக்கும்போது காற்று விட்டிருக்கிறார்கள் என்றால் உள்ளே ஆள் இருக்கலாம் என்று அவருக்கு உறைத்திருக்கிறது. ஓடிவந்து என் கேபினில் ஏறி எஞ்சினை அணைத்தார். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட இருக்காது என்றார்கள். தூசி அடங்கியபோது ஏணி என் முதுகுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் இருந்தது.

குழாயடியில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் தண்ணீர் விட்டார்கள். சிமெண்ட் ஈரம் பட்டால் சுண்ணாம்பைப் போல் அரிக்கும். வியர்வை நின்ற இடமெல்லாம், கழுத்திலும் இடுப்பிலும், மறுநாள் தோல் உரிந்தது. இருமல் வாரக்கணக்கில் நீடித்தது. பையன் விடியும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். அவன் மேல் தப்பில்லை. கூப்பிட்டார்கள், போனான். மூடியை விட்டு நகராதே என்று நான் சொல்லவில்லையே. 180 கிலோ என்பது மூன்றரை மூட்டைச் சிமெண்ட். அன்றைய விலையில் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றிக் கேட்கவும் படிக்கவும் ஆரம்பித்தேன். எனக்கு நடந்தது தூசியும் காற்று வால்வும். ஆனால் தூசியே இல்லாத, சுத்தமாகக் கழுவிய தொட்டியும் ஆளைக் கொல்லும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கழுவிய இரும்புத் தொட்டியை ஈரத்தோடு மூடிப் பல நாள் வைத்தால் உட்சுவர் துருப்பிடிக்கும். துருப்பிடிக்க இரும்புக்கு ஆக்சிஜன் வேண்டும், அதை உள்ளே இருக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். நாம் மூச்சு விடும் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது என்பது உலகம் முழுக்கக் கடைப்பிடிக்கும் அளவு. 10-க்குக் கீழே நினைவு தப்பும். 6-க்கு வந்தால் ஒன்றிரண்டு மூச்சில் ஆள் சுருண்டுவிடுவான். இதில் கொடுமை, மூச்சு முட்டுவதே தெரியாது. நாற்றம் கிடையாது, இருமல் வராது. முகமூடி போட்டிருந்தாலும் பயனில்லை, முகமூடி தூசியைத்தான் வடிகட்டும், இல்லாத ஆக்சிஜனைக் கொண்டுவராது.

எங்கள் பக்கத்தில் தூர் வாரக் கிணற்றில் இறங்குவதற்கு முன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் இறங்க மாட்டார்கள். பெரியவர்களின் கவனம் அது, நான் மதிக்கிறேன். ஆனால் விளக்கு அணைவதே ஆக்சிஜன் 16, 17-க்கு இறங்கிய பிறகுதான். 18-இல் விளக்கு ஜம்மென்று எரியும், இறங்கியவனுக்குத் தலை சுற்றலாம். மக்காச்சோளமோ தீவனமோ ஏற்றிய தொட்டியில் விளக்கை இறக்கினால் அந்தத் தூசியே வெடிக்கக்கூடும். இப்போது கைக்குள் அடங்கும் மீட்டர் வந்துவிட்டது. அதைக் கயிற்றில் கட்டி, மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் பார்க்கலாம்.

தீவனம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தானிய லோடில் ஆபத்து வேறு மாதிரி. அடிக்கதவு திறந்து தானியம் ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே நிற்கிறவனின் கால் நான்கைந்து நொடியில் சிக்கிவிடும், அரை நிமிடத்துக்குள் தலை மூடிவிடும். இடுப்பு வரை புதைந்தவனை இழுக்க 150, 200 கிலோ பலம் வேண்டும், நான்கு பேர் கையைப் பிடித்து இழுத்தால் தோள்தான் கழன்று வரும். அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகம் பல பத்தாண்டுகளாக இப்படிப் புதைந்தவர்களின் கணக்கை வைத்திருக்கிறது. நம்மூரில் தானியம் இன்னும் பெரும்பாலும் மூட்டையில் போவதால் லாரியில் இது குறைவு. ஆனால் தீவன ஆலையின் மக்காச்சோளக் குழியில் இதே கதைதான்.

ஒருவன் உள்ளே விழுந்தால் அடுத்தவன் யோசிக்காமல் இறங்குவான். கழிவுநீர்த் தொட்டிச் செய்தி வரும்போதெல்லாம் பாருங்கள், ஒருவர் பெயர் மட்டும் வருவது அபூர்வம். அண்ணனைத் தூக்கத் தம்பி, தம்பியைத் தூக்கப் பக்கத்து வீட்டுக்காரர். மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று 1986-இலேயே அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் எச்சரித்தது. அந்த எண்ணைப் படித்த அன்று என் மனதில் வந்தது தாரமங்கலத்துப் பையனின் முகம். எஞ்சின் அணையாமல் இருந்திருந்தால் அவன் கட்டாயம் உள்ளே குதித்திருப்பான்.

இத்தனைக்கும் சட்டம் புதிது இல்லை. 2011-இல் நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36, 36-ஏ பிரிவுகளைத் தமிழில் யாராவது வாசித்துக் காட்டினால் எந்த டிரைவருக்கும் புரியும். விஷ வாயு இருக்கலாம் என்று சந்தேகப்படும் தொட்டிக்குள் ஆளை இறக்குவதானால், தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையென்றால் இறங்குபவர் சுவாசக் கருவியும் பெல்ட்டும் அணிந்து, பெல்ட்டில் கயிறு கட்டி, அந்தக் கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் கையில் பிடித்திருக்க வேண்டும். உள்ளே கொண்டுபோகும் மின்விளக்கு 24 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. இப்படித்தான் அதில் இருந்தது. கயிற்றின் மறுமுனை ஒரு மனிதன் கையில் இருக்க வேண்டும் என்பதைச் சட்டமே சொல்லியிருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. 2011-இல் என் வண்டியில் 30 மீட்டர் கயிறு இருந்தது. யாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

போன மாதம் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு எங்கள் வண்டிப் பையன் ஒருவன் போன் செய்தான்.

“அண்ணா, 160 கிலோ நிக்குதுங்ணா. உள்ள எறங்கித் தள்ளச் சொல்றாங்க.”

“ரப்பர் சுத்தியல்ல தட்டுனியா?”

“தட்டுனனுங்ணா. ஒவ்வொரு கூம்பா வால்வு மூடி, விட்டு விட்டு ஊதியும் பாத்தாச்சு. ரெண்டாவது கூம்பு அசையவே மாட்டேங்குது.”

“சரி, மூடியத் தொறக்காத. ஷார்ட்டேஜ் எழுதிச் சீட்டுக் குடுக்கச் சொல்லு. வாங்கிட்டு வந்துரு.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “மொதலாளி கேட்டா?”

“நாம் பேசிக்கறேன். நீ வா.”

முதலாளியிடம் பேசுவது இப்போது எனக்குச் சிரமம் இல்லை. ஆனால் அதற்கு நான்கு வருடம் ஆனது. ஷார்ட்டேஜைப் பையன்கள் பேட்டாவில் பிடிப்பதில்லை என்று அவர் ஒத்துக்கொண்டதுதான் நான் இந்த வேலையில் செய்த ஒரே பெரிய காரியம். எத்தனை வகுப்பு எடுத்தாலும் சரி, தன் காசு போகும் என்று தெரிந்தால் எவனும் இறங்கத்தான் செய்வான். நானே இறங்குவேன்.

வண்டி விடிகாலை வந்தது. பழுது பார்க்க வேண்டுமானால் எங்கள் வண்டியில் உள்ளே இறங்கித்தான் ஆகவேண்டும், கேன்வாஸை உள்ளிருந்துதான் மாற்ற முடியும். எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்து அந்தப் பையனின் அரைஞாண் கயிற்றில் கட்டினேன். இறங்குகிறவன் அவன், சாவி அவனோடுதான் போகும். காற்றுக் குழாயை வால்வு மூடினதோடு விடாமல் இணைப்பையே கழற்றித் தரையில் போட்டோம். மூடிகள் எல்லாவற்றையும் திறந்து, ஒன்றின் வழியாக ஊதுகாற்று விசிறியின் குழாயை அடிவரை இறக்கி, ஒரு மணிநேரம் ஓடவிட்டோம். டீசல் கம்ப்ரசரைப் பக்கத்தில் ஓட்டக் கூடாது, அதன் புகையை விசிறி உறிஞ்சி உள்ளே அனுப்பிவிடும். மீட்டரை இறக்கினேன். மேலே 20.9. நடுவில் 20.9. கூம்பின் அடியில் 20.8.

மூடிக்கு மேல் முக்காலியை நிறுத்தி விஞ்சைப் பூட்டினோம். இதை வாங்கச் சொன்னபோது முதலாளி, “கயிறு இருக்குதில்ல, அது போதாதா?” என்று கேட்டார். 45 சென்டிமீட்டர் ஓட்டை என்பது நம் தோளகலம்தான். நினைவு தப்பிய ஆள் 70 கிலோ அரிசி மூட்டை மாதிரி, கை ஒருபக்கம் கால் ஒருபக்கம் கிடக்கும். தோள்வாரோடு நேர் மேலே தூக்கினால்தான் அந்த வட்டத்துக்குள் வருவான். அவரை நானே பெல்ட் கட்டித் தொங்கவிட்டுக் காட்டினேன், மறுநாள் ஆர்டர் போட்டார். 101-க்கும் 108-க்கும் போன் செய்ய வேண்டியது யார் என்பதையும் முன்கூட்டியே பேசி வைத்துவிடுவோம். அன்று எங்கள் வெல்டர்.

பையன் முகமூடியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஏணியில் இறங்கினான். நான் மூடியருகே கால் மடக்கி உட்கார்ந்தேன். கயிறு என் இடது கையில். ஒரு இழுப்பு என்றால் நன்றாக இருக்கிறேன், இரண்டு இழுப்பு என்றால் மேலே வருகிறேன், மூன்று என்றால் என்னைத் தூக்கு. கீழே யாரோ கடைக்காரர் டீ கொண்டுவந்து, “அண்ணா, எறங்கி வாங்க, ஆறிப்போகுது” என்றார். மேலே அனுப்பச் சொன்னேன். சட்டியில் கட்டி இறக்கிய ரப்பர் ஸ்கிரேப்பரால் அவன் சுவரைச் சுரண்டும் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. நடுவில் நின்றது. கயிற்றை ஒருமுறை இழுத்தேன். உடனே பதிலுக்கு ஒரு இழுப்பு வந்தது.

“அண்ணா, கெடச்சிருச்சு,” என்று உள்ளிருந்து குரல் எதிரொலித்தது. “உள்ளங்கை அகலத்துக்குக் கிழிஞ்சிருக்குதுங்ணா. காத்து எல்லாம் இதுலயே போயிருக்குது.”

மதியத்துக்குள் புதுக் கேன்வாஸ் போட்டு, விளிம்பு போல்ட்டுகளை முறுக்கி, உள்ளே கொண்டுபோன சாமான்களை எண்ணிப் பார்த்து மூடினோம். சாவி அவன் இடுப்பிலிருந்து என் கைக்கு வந்தது. அடுத்த லோடு இறக்கிவிட்டு அவன் அனுப்பிய எடைச் சீட்டில் 20 கிலோ நின்றது. அந்த மேடையில் 20 கிலோவுக்குக் குறைந்து எண்ணே மாறாது.